நான்கடி ஆழத்தில் ஒரு மீன்

ஈப்போவின் புந்தோங் பகுதியில் ராஜுவின் கார் சாமான் கடைக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் ராஜுவைத் தெரியும். கடை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே, ஏதாவது ஒரு காரின் பின் பம்பருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை யாருடைய கால்கள் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் பெயர் கலாதேவி. வயது நாற்பத்தெட்டு. அந்தக் கடையில் ஆறு வருஷமாக ரிவர்ஸ் சென்சார், அலாரம், கேமரா எல்லாவற்றையும் பொருத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

வேலை முடிந்ததும் ராஜு உள்ளேயிருந்து வந்து, ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சாவியை நீட்டுவார். துடைப்பதற்கு அந்தக் கையில் என்ன அழுக்கு ஒட்டியிருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சென்சார் ஒழுங்காகக் கூவினால் அது ராஜு போட்டது. மூன்றாம் நாள் கோளாறு என்று கார் திரும்பி வந்தால், “அது நம்ம பொம்பள ஆளு போட்டது. கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்” என்பார். பார்ப்பதும் கலாதேவிதான்.

கலாதேவிக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அதை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார அவருக்கு நேரமில்லை. அவருடைய நோய் வேறு. எதைக் கையில் கொடுத்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த நோய் முற்றியதற்கு ஒரு ஃபேக்டரிதான் காரணம். ராஜு கடைக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவர் ஈப்போவுக்கு வெளியே ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரே வேலை. ஐந்து சென் காசு அளவில் ஒரு வெள்ளை வட்டு வரும். அதன் இரண்டு பக்கத்திலும் தலைமுடி போன்ற கம்பியைப் பற்றவைத்து அடுத்த தட்டில் போட வேண்டும். முதல் மாதமே சூப்பர்வைசரிடம் போய், “சார், இது எதுக்கு?” என்று கேட்டார். “ஏற்றுமதிக்கு” என்றார் அந்த மகான். பத்தொன்பது வருஷம் கழித்து ஃபேக்டரியே வேறு நாட்டுக்கு ஏற்றுமதியானது. வட்டு எதற்கு என்ற கேள்வி மட்டும் கலாதேவியோடு வீட்டுக்கு வந்தது.

ராஜு கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கெட்டுப்போன ரிவர்ஸ் சென்சாரைக் கத்தியால் பிளந்து பார்த்தார். உள்ளே அதே வெள்ளை வட்டு. இரண்டு பக்கமும் அதே கம்பி. கலாதேவி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தார். மின்சாரம் தொட்டால் வட்டு துடிக்கும். துடித்தால் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் கிளம்பும். அது சுவரில் மோதித் திரும்பி வரும். எறிந்த வட்டே திரும்பி வரும் சத்தத்தையும் கேட்கும். போக வர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டால், சுவர் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷம் லட்சக்கணக்கான காதுகளைச் செய்து அனுப்பிவிட்டு, காது என்றே தெரியாமல் இருந்தோமே என்று அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

லியாகத் அலி அந்தக் கடைக்கு வந்தது போன வருஷக் கடைசியில். ஈப்போவில் நாசி கண்டார் என்னும் சோறு, கறிக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் ஆறு நாள் மீன் கறி விற்றுவிட்டு ஏழாவது நாள் மீன் பிடிக்கப் போகிறவர். அறுபது வயதாகியும் மீனிடமிருந்து அவருக்கு ஒரு நாள்கூட விடுதலை இல்லை. தம் காருக்குச் சென்சார் போட வந்தவர், நாற்காலியில் உட்காராமல் குனிந்து கலாதேவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜு சாப்பிடப் போயிருந்த நேரம்.

“ஏம்மா, காருக்குப் பின்னால போடுற இத படகுக்குக் கீழ போட முடியுமா?”

“படகையும் ரிவர்ஸ் எடுப்பீங்களா அண்ணே?”

“ரிவர்ஸுக்கு இல்லம்மா. மீன் பார்க்க. ஃபிஷ் ஃபைண்டர்னு ஒரு மெஷின் வாங்கி வச்சிருக்கேன். எங்க படகு பட்டறைக்காரன் எஞ்சின் வேல நல்லா செய்வான், வயர கண்டா ஓடுவான்.”

அவர் காரிலிருந்து பெட்டியை எடுத்து வந்து காட்டினார். ஒரு திரை. அதோடு நீளமான வயரின் நுனியில் கறுப்பாக, உள்ளங்கை அளவில் ஒரு கட்டி. கலாதேவி அந்தக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வட்டு இருக்குமா? இருந்தால் எவ்வளவு பெரிசு? தண்ணீரில் சத்தம் எப்படிப் போகும்? யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“பொலே லா அண்ணே, முடியும். நான் போட்டுத் தாரேன்.”

சொன்ன பிறகுதான் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று, அவர் வாழ்நாளில் படகில் கால் வைத்ததில்லை, நீச்சலும் தெரியாது. இன்னொன்று, கடை ஆட்கள் வெளிவேலை செய்தால் மறுநாள் கடைக்கு வர வேண்டாம் என்பது ராஜுவின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. லியாகத் அலியும் அவர் மனைவி லத்தீபாவும் காரில் வந்து கலாதேவியை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் சித்தியவானுக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் ரூபனின் படகுப் பட்டறை. லியாகத் அலியின் பதினெட்டு அடி ஃபைபர் படகு படகு ஏற்றும் வண்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ரூபனுக்கு முப்பது வயது இருக்கும். கார் கடையிலிருந்து ஒரு பெண் வந்து படகில் ஓட்டை போடப் போகிறார் என்றதும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கலாதேவி உடனே ஓட்டை போடவில்லை. பெட்டியில் இருந்த புத்தகத்தை அந்த வாரம் மூன்று தடவை படித்திருந்தார். படகைச் சுற்றி வந்து, பின்பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு ரூபனிடமே கேட்டார்.

“தம்பி, இது ஓடும்போது தண்ணி எந்தப் பக்கம் கலங்காம போகும்?”

ரூபன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். “வலப்பக்கம் அக்கா. இடப்பக்கம் புரொப்பெல்லர் சுத்துற வேகத்துல நொர அடிக்கும்.”

“நொர வந்தா இதுக்குக் காது கேக்காது. அப்ப வலப்பக்கம்.”

கட்டி படகின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே, தரைக்குச் சமமாக நிற்கும்படி பார்த்துப் பொருத்தினார். திருகு ஏறிய ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் கசியாதபடி சிலிக்கான் அடைத்தார். வயர் மிச்சமிருந்ததை வெட்டாமல் சுருட்டிக் கட்டினார். வெட்டி ஒட்டினால் இரைச்சல் ஏறும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. எஞ்சின் வயர் ஒரு பக்கம், இதன் வயர் மறுபக்கம். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஃபியூஸ். சுக்கானுக்குப் பக்கத்தில் திரை. எல்லாம் முடியச் சாயங்காலமாகிவிட்டது. கடல் வற்றத்தோடு ஆற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டதால் அன்று படகை இறக்க முடியவில்லை.

ரூபன் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தான். “அக்கா, இங்க பன்னண்டு படகு இந்த மெஷினுக்காகக் காத்திருக்கு. எல்லாம் தூண்டி போடுற கோஷ்டி. அடுத்த வாரம் தண்ணியில இது சரியா வந்தா, இனிமே இந்த வேல எல்லாம் உங்களுக்குத்தான்.”

கலாதேவி சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். பன்னிரண்டு படகு என்றால் ராஜுவின் தகரக் கூரையை விட்டு வெளியே வந்துவிடலாம். செய்த வேலையைத் தாம் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வாரம் முழுக்கக் கடையில் பம்பருக்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் இதையேதான் நினைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை, உயிர்காப்புச் சட்டையின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறினார். லத்தீபாவும் கூட வந்தார். ஒரு டிபன் கேரியர், ஒரு பை நிறைய ஆரஞ்சு. “இவரு மீன் புடிச்சு நாம சாப்பிடணும்னா பட்டினிதான் கலா” என்று காரணம் சொன்னார். ரூபன் படகுத்துறை ஜெட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

படகு ஆட ஆட, கலாதேவி இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் திரை வெளிச்சமானதும் பிடித்துக்கொள்ளவே மறந்துவிட்டது. மேலே நீலமாகத் தண்ணீர். கீழே மஞ்சளும் சிவப்புமாக ஆற்றின் தரை, வலது ஓரத்தில் முளைத்து இடது பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. பதினொரு அடி. பதினான்கு. ஓர் இடத்தில் தரைக்கோடு தடித்துச் சிவந்தது.

“அண்ணே, இங்க அடியில கல்லா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த எடத்துல நங்கூரம் போட்டா சிக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க.”

“சேறுன்னா சத்தம் உள்ள அமுங்கிப் போயிருது, கோடு மெலிசா வருது. கல்லுன்னா திருப்பி அடிக்குது.”

லியாகத் அலி அவரை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருஷம் இந்த ஆற்றுமுகத்தில் தூண்டில் போட்டவர் அவர். வந்து கால் மணி நேரம்கூட ஆகாதவர் தரையைப் பற்றிப் பேசுகிறார். லத்தீபா ஆரஞ்சை உரித்துக் கலாதேவி கையில் வைத்தார்.

ஆறு கடலைத் தொடுகிற இடத்தில், ஒரு பழைய தூண் பக்கம் எஞ்சினை நிறுத்தினார்கள். நின்ற சற்று நேரத்தில் திரையில் மீன் படம் ஒன்று தோன்றியது. பெரிய மீன். பக்கத்தில் 4 என்று எண். நான்கடி ஆழம்.

“அல்லாஹ்! இவ்வளவு பெரிசா?” லியாகத் அலி தாவிப் போய்த் தூண்டிலை எடுத்தார். இறாலைக் கோத்து, நரம்பை நான்கடிக்கு அளந்து, படகின் ஓரமாகவே இறக்கினார். மீன் நகரவில்லை. இரையையும் தொடவில்லை. இறாலை மாற்றினார். கணவாய்த் துண்டு போட்டார். பிறகு லத்தீபாவின் டிபனிலிருந்து கோழித் துண்டு ஒன்று காணாமல் போனது. நாற்பது நிமிஷம். அந்த மீன் அசையாமல் அங்கேயே நின்று அவரை வேடிக்கை பார்த்தது.

“திமிர் புடிச்ச மீன் லா இது” என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் போட்டார். ஓடத் தொடங்கியதும் மீன் மறைந்தது. அரை மைல் தள்ளிப் போய் நிறுத்தினார். மீன் வந்தது. நான்கடி. இன்னும் ஓர் இடம். அங்கேயும் அதே நான்கடி.

லியாகத் அலியின் முகத்தில் இருந்த குஷி மெல்ல வடிந்தது. தூண்டிலைச் சுருட்டி வைத்தார்.

“எங்க போனாலும் ஒரே மீனு கூடவே வருமா கலா? இது மீன் இல்ல. மெஷின்ல கோளாறு, இல்ல வயரிங்ல கோளாறு.”

“இருங்க அண்ணே, பார்க்கிறேன்.”

“சூசா படாதீங்க, கவல வேணாம். புது வேலதானே, தப்பு வரத்தான் செய்யும். நாளைக்கு ராஜுவ கூட்டிட்டு வந்து காட்டுறேன். அவருதானே உங்களுக்குக் கத்துக்குடுத்தது.”

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். கலாதேவிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ராஜு நாளைக்கு இங்கே வந்தால் கடை வேலை போய்விடும். இந்தக் கோளாறு ரூபன் காதுக்கு எட்டினால் பன்னிரண்டு படகும் போய்விடும். அதை விடக் கொடுமை, ராஜு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ‘அது நம்ம பொம்பள ஆளு போட்டது’ என்று ஆற்றங்கரை வரை வந்து சொல்வார்.

“அண்ணே, தண்ணி வத்துறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“அந்த ஒரு மணி நேரத்த எனக்குக் குடுங்க.”

ஃபேக்டரியில் கற்ற ஒரே நல்ல பழக்கம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முதலில் மீன் படம் காட்டும் வசதியை அணைத்தார். படத்தை வரைவது மெஷினின் கற்பனை. அதற்குள் உண்மையாக என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். மீன் போய்விட்டது. அதன் இடத்தில் நான்கடியில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக ஓடியது.

கலாதேவி அதையே உற்றுப் பார்த்தார். மீன் கடந்து போனால் கோடு வில்லாக வளையும். தூரத்திலிருந்து நெருங்கி, நேர் கீழே வந்து, மறுபடி விலகும் அல்லவா? இது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

எஞ்சினைப் போடச் சொன்னார். கோடு மறைந்தது. வயரில் கோளாறு என்றால் எஞ்சின் ஓடும்போதுதான் இரைச்சல் கூட வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. மெஷினின் கேட்கும் திறனைக் குறைத்துப் பார்த்தார். மங்கலான மற்றவையெல்லாம் அழிந்தன, கோடு மட்டும் அழியவில்லை. அப்படியானால் அது நல்ல பலமான எதிரொலி. புத்தகத்தில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. மெஷின் மீனின் சதையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை; மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையைத்தான் பார்க்கிறது. தண்ணீருக்குள் காற்றைப் போல் சத்தத்தைத் திருப்பி அடிப்பது வேறில்லை. அப்படியென்றால் அந்த நான்கடியில் எதிலோ காற்று அடைபட்டிருக்கிறது.

அப்போது தூரத்தில் ஒரு பெரிய விசைப்படகு போனது. அதன் அலை வந்து இவர்களைத் தூக்கிப் போட்டது. திரையில் தரைக்கோடு ஏறி இறங்கி அலைந்தது. நான்கடிக் கோடு இம்மியும் அசையவில்லை.

“அண்ணே!” கலாதேவி பயத்தை மறந்து எழுந்து நின்றுவிட்டார். “அலையில நாம ஏறி இறங்குறோம். தரை ஆடுது. இது ஆடல. நம்மகூடவே ஏறி, நம்மகூடவே இறங்குது. இது ஆத்துல உள்ளது இல்ல. நம்ம படகுல கட்டித் தொங்குறது. நின்னா நேரா தொங்கும், மெஷின் பார்க்கும். ஓடுனா தண்ணி வேகத்துல பின்னால மெதக்கும், பார்க்காது.”

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த லத்தீபாவின் கை நின்றது.

“படகுல என்ன தொங்கப் போகுது?” என்றார் லியாகத் அலி, நம்பாமல்.

“நான் பார்க்கிறேன். நீங்க படக ஆட்டாம புடிங்க.”

நீச்சல் தெரியாதவர், பின்பலகையின் மேல் குப்புறப் படுத்தார். “நான் புடிச்சுக்கிறேன்” என்று லத்தீபா ஓடிவந்து அவர் சட்டை வாரைப் பிடித்துக்கொண்டார். கலாதேவி தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். பாசி, படகில் ஏற வைத்திருந்த ஏணியின் கம்பி, தாம் பொருத்திய கட்டி. அதற்கு ஒரு சாண் தள்ளி, ஏணி வளையத்திலிருந்து ஒரு தூண்டில் நரம்பு கீழே போனது. பிடித்து இழுத்தார். கனமாக வந்தது.

“அக்கா, கெடச்சிருச்சு. நுனியில என்னமோ இருக்கு.”

“இழுக்காதீங்க கலா.” லத்தீபாவின் குரல் அவர் காதருகே, மிகவும் தாழ்வாக வந்தது. “அது நான் கட்டுனது.”

கலாதேவி அப்படியே கிடந்தார். லத்தீபா குசுகுசுவென்று சொன்னார். அதற்கு முந்தின வருஷம் பங்கோர் தீவுக்கு அப்பால் எஞ்சின் நின்றுபோய், லியாகத் அலி மறுநாள் மத்தியானம்தான் வீடு வந்து சேர்ந்தார். அதுவரை ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கிடந்த லத்தீபா நாகூராருக்கு நேர்ச்சை வைத்தார். காசை ஒரு தைல டப்பிக்குள் போட்டு, பச்சைத் துணியில் முடிந்து படகில் கட்டினார். கணவர் அதைப் பார்த்துவிட்டு, தூண்டில் கூட்டாளிகள் முன்னால் அவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். “கடலுக்குப் போறவனுக்கு நல்ல எஞ்சின் போதும், டப்பி எதுக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போன வாரம் படகு பட்டறையில் நின்றபோது, யாரும் பார்க்காத இடம் என்று லத்தீபா அதை ஏணிக்கு அடியில் ஒளித்துக் கட்டியிருக்கிறார்.

“மேலதான் கட்டுனேன். முடிச்சு நழுவித் தொங்கியிருக்கு. அவருகிட்ட சொல்லாதீங்க கலா. இன்னொரு தடவ அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியாது.”

“அக்கா, இது அண்ணனுக்குத் தெரியலன்னா எனக்கு வேலயே இல்ல.”

லத்தீபா வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கலாதேவிக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. இவர் பயத்துக்கு என் வேலை பலியா என்று வந்தது. ஆனால் பத்துப் பேர் முன்னால் நம் காரியத்தை வைத்து ஒருவர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்பைச் சுருட்டி மேலே இழுத்து, தண்ணீருக்கு வெளியே, ஏணியின் மறைவில் வயர் கட்டும் முடிச்சுப் போட்டு இறுக்கினார். அது இனி நழுவாது.

திரும்பி வந்து பார்த்தால் திரை சுத்தமாக இருந்தது. நான்கடியில் ஒன்றுமில்லை.

“அட! என்ன இருந்துச்சு கீழ?”

“ஒரு நரம்பு தொங்குச்சு அண்ணே. மேல ஏத்திக் கட்டிட்டேன்.”

“நரம்பா? வெட்டி வீச வேண்டியதுதானே? எங்க, காட்டுங்க.”

“காட்ட முடியாது அண்ணே. வயரிங்ல தப்பில்ல. மெஷின்லயும் தப்பில்ல. அத நான் சொல்றேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

லியாகத் அலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது என்ன பேச்சு கலா? தப்பு எங்கன்னு காட்டாம சரியாயிருச்சுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது? நாளைக்கு நடுக்கடல்ல திரும்பவும் வந்தா? கோவிச்சுக்காதீங்க. ராஜு ஒரு தடவ பார்த்திரட்டும்.” ஃபோனை எடுத்து ராஜுவின் பெயரைத் தேடத் தொடங்கினார்.

டப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். கலாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஃபோன வைங்க” என்றார் லத்தீபா.

லியாகத் அலி நிமிர்ந்தார். லத்தீபா பின்பலகைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். “கலா, நீங்க போட்ட முடிச்சு எனக்கு அவிழ்க்க வராது. எடுத்துக் குடுங்க.”

“அக்கா, வேணாம்.”

“குடுங்கம்மா. நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறத பார்த்துக்கிட்டு என்னால உக்கார முடியாது.”

கலாதேவி அவிழ்த்துக் கொடுத்தார். தண்ணீர் சொட்டும் பச்சைத் துணியை லத்தீபா கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுதான் உங்க மீன். நாப்பது நிமிஷம் கோழி எல்லாம் போட்டுக் கூப்பிட்டீங்களே. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. துணியைத் தடவினார். உள்ளே டப்பி தட்டுப்பட்டது.

“இன்னமும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தியா?” என்றார் கடைசியில்.

“ஒவ்வொரு வாரமும்.”

லியாகத் அலி டப்பியைக் கையில் பிடித்தபடி ஆற்றைப் பார்த்தார். பிறகு கலாதேவி பக்கம் திரும்பினார். “கலா, இத வைக்க உள்ள ஒரு எடம் பாத்துக் குடுங்க. நனையக் கூடாது. மெஷின் கண்ணுலயும் படக் கூடாது.”

சுக்கானுக்குக் கீழே, ஃபியூஸுக்குப் பக்கத்தில் காய்ந்த மூலை ஒன்று இருந்தது. கலாதேவி டப்பியைத் துடைத்து அங்கே வைத்து, இரண்டு வயர் பட்டைகளால் அசையாமல் கட்டினார். லத்தீபா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். திரும்பும் வழியில் இருபதடி ஆழத்தில் மூன்று வில்கள் அழகாக வளைந்து போயின. நிஜ மீன்கள். லியாகத் அலி பார்த்தார்; தூண்டிலைத் தொடவில்லை.

ஜெட்டியில் ரூபன் கயிற்றைப் பிடிக்க நின்றிருந்தான். அவனோடு தூண்டில் கோஷ்டியைச் சேர்ந்த நான்கைந்து பேர், மெஷின் எப்படி என்று கேட்கக் காத்திருந்தார்கள். படகு தட்டி நிற்பதற்குள், ராஜு கடையில் காருக்குச் சென்சார் போட்டிருந்த ஒருவர் கத்திக் கேட்டார்.

“எப்படிண்ணே வேல செய்யுது? ராஜு போட்டதா?”

“ராஜு இல்ல” என்றார் லியாகத் அலி. ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “ஆத்தோட தரையில கல்லு எங்க, சேறு எங்கன்னு சொல்லுது. படகுல என் கண்ணுக்கே தெரியாம இருந்தத கண்டுபுடிச்சுக் குடுத்திருச்சு. கலாதேவி போட்டது.”

“கலாதேவியா? யாருண்ணே அது?”

லியாகத் அலி பதில் சொல்ல வாயைத் திறந்தார். லத்தீபா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

கலாதேவி உயிர்காப்புச் சட்டையோடு எழுந்து நின்றார். படகு ஆடியது. எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

“நான்தான்” என்றார்.